ஏழு நிமிட இடைவெளி

பெரியவனின் கைப்பேசியைச் சின்னவன் முகத்தைக் காட்டியே திறந்துவிடுவான். அண்ணன்தான் பார்க்கிறான் என்று நம்பி அது பூட்டைக் கழற்றிவிடும். விரலை வைத்தால் மட்டும் மசியாது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கும் கைரேகை வேறுவேறு என்பதை வருடா வருடம் பன்னிரண்டாம் வகுப்புக்கு நடத்தியவள் நான். அது என் வீட்டுச் சங்கதி என்று எனக்கு உறைக்க முப்பது வருடம் ஆனது.

1988 ஆவணியில் பிறந்தார்கள். பெரியவன் 2 கிலோ 400 கிராம். ஏழு நிமிடம் கழித்து வந்த சின்னவன் 1 கிலோ 900. “நஞ்சுக்கொடி ஒண்ணுதான் டீச்சர், ரெண்டும் ஒரே அச்சு” என்று நர்சம்மா தூக்கிக் காட்டினார். ஒரே தொட்டில், ஒரே வாரத்தில் அம்மை, ஒரே பெஞ்சு, ஒரே பொறியியல் கல்லூரி, விடுதியில் ஒரே அறை. எங்கள் பக்கத்தில் தகப்பனுக்கு மூத்தவனும் தாய்க்கு இளையவனும் கொள்ளி வைப்பது வழக்கம். அந்த ஏழு நிமிடத்துக்கு இவர்கள் வாழ்க்கையில் அதைத் தவிர வேறு வேலை இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

பெரியவனுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். சின்னவன் சென்னையில் இன்னொரு ஆணோடு ஒன்பது வருடமாகக் குடித்தனம் நடத்துகிறான். பையன்கள் பெயரை எழுதுவதில்லை என்று ஒப்பந்தம். எழுதியதைச் சின்னவனிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு இடத்தில், “இங்க நீ உன்ன நல்லவளாக் காட்டிக்கிடுத” என்று பேனாவால் கோடு போட்டுத் தந்தான். இரண்டையும் திருத்திவிட்டேன்.

2013 கடைசியில் பெண் பார்க்க ஆரம்பித்தோம். இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே மேடையில் இரண்டு மணவறை போட வேண்டும் என்று சொந்தத்தில் எல்லோருக்கும் ஆசை. எனக்கும்தான். 2014 காணும் பொங்கல் ராத்திரி, அடுப்படியில் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தபோது சின்னவன் வந்து நின்றான்.

“எனக்குப் பொண்ணு பாக்காதீங்கம்மா. பொம்பளப் பிள்ளைங்க மேல எனக்கு நாட்டமில்ல. ஆம்பளைங்க மேலதான். ரொம்ப நாளாவே.”

“எந்தக் கழுத உனக்கு இதச் சொல்லிக் குடுத்துது?” என்றேன்.

என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. பிள்ளை உதடு நடுங்க நிற்கிறான். நான் காரணம் கேட்கிறேன். அடுத்த பல வருடங்களும் அந்த ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு ஆட்களிடமும் புத்தகங்களிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தப் பொங்கலுக்கு ஒரு மாதம் முன்னால்தான், டிசம்பர் 11 அன்று, உச்ச நீதிமன்றம், தன்பாலின உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவுக்கு மறுபடி உயிர் கொடுத்திருந்தது. “சட்டமே குத்தம்னு சொல்லுதுல்லா?” என்று அதையும் எடுத்து அவன் மேல் வீசினேன். 2009 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவை ஒதுக்கித் தள்ளியபோது, டிவி முன்னால் உட்கார்ந்து, “இதுக்கெல்லாமா கோர்ட்டு?” என்று சிரித்தேனாம். எனக்கு ஞாபகமே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருபது வயதுப் பையனுக்கு இருக்கிறது. அன்றைக்கு வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை சொல்கிறான்.

முதலில் நான் சந்தேகப்பட்டது சகவாசத்தை. ஆஸ்டலில் யாரோ கெடுத்துவிட்டான் என்று ஒரு வாரம் நம்பினேன். அதே ஆஸ்டலில், அதே அறையில், எதிர்க் கட்டிலில் படுத்திருந்தவன் பெரியவன். அவனை எந்தச் சகவாசமும் கெடுக்கவில்லை. இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சகவாசம் என்ற வார்த்தையை நான் பயன்படுத்தியது அது முதல் தடவை அல்ல. 1997-இல் என் வகுப்பில் இரண்டு பெண்கள் எந்நேரமும் ஒட்டிக்கொண்டே இருப்பார்கள். ஒருத்தி நோட்டில் இன்னொருத்தி எழுதிய துண்டுக் கடிதம் என் கையில் சிக்கியது. தலைமையாசிரியை அறையில் உட்கார்ந்து, “சகவாசம் சரியில்லை” என்று இரண்டு வீட்டுக்கும் என் கையால்தான் எழுதினேன். அரையாண்டுத் தேர்வுக்கு ஒருத்தி வரவில்லை. தை மாதம் அவளுக்குக் கல்யாணம் என்று பத்திரிகை வந்தது. போய் மொய் எழுதிவிட்டு வந்தேன்.

அடுத்தது வளர்ப்பு. பி.எட். படிக்கும்போது எழுதிய உளவியல் நோட்டு ஒன்று பரணில் இருந்தது. தகப்பன் ஒதுங்கி, தாய் கெடுபிடியாக இருக்கும் வீட்டில் பையன் இப்படி ஆவான் என்று என் கையெழுத்திலேயே அதில் இருந்தது. எங்கள் வீடு அதற்கு அளவெடுத்துத் தைத்த மாதிரிதான். என் வீட்டுக்காரர் மில்லில் ஃபிட்டர், மூன்று ஷிஃப்டும் மாறி மாறி வரும். பிள்ளைகள் முழித்திருக்கும் நேரத்தில் அவர் தூங்குவார். நான் கெடுபிடிக்குப் பேர்போனவள். மூன்று நாள் அவரைப் போட்டு உலுக்கினேன். கடைசியில், “பெரியவனுக்கும் நாந்தானட்டி அப்பன்?” என்று கேட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். மனநல மருத்துவர்கள் அரை நூற்றாண்டு கட்டிக்கொண்டு அழுத கொள்கையை அவர் அந்த ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். இதே முடிவுக்கு வர அமெரிக்காவின் கின்சி நிறுவனத்து ஆய்வாளர்கள் நூற்றுக்கணக்கான பேரைப் பேட்டி எடுக்க வேண்டியிருந்தது. 1981-இல் வந்த அவர்களுடைய புத்தகம், தாய் தகப்பன் வளர்ப்புக்கும் பிள்ளையின் பாலீர்ப்புக்கும் சொல்லிக்கொள்ளும்படியான தொடர்பு கிடைக்கவில்லை என்று எழுதியது. என் நோட்டில் இருந்த பாடம் அதற்குப் பிறகு எனக்கு நடத்தப்பட்டது.

செல்லம் என்றும் ஒரு யோசனை வந்தது. எடை குறைந்து பிறந்தவன் என்று சின்னவனுக்கு மட்டும் தினம் ஒரு முட்டை கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன். அந்த முட்டையைக்கூட நான் விட்டுவைக்கவில்லை.

பிறகு டாக்டர். எந்த ஊர், யார் என்பதெல்லாம் வேண்டாம். நடு வயதுக்காரர், சுவர் நிறையச் சான்றிதழ், வாசலில் கூட்டம். “இதெல்லாம் இப்ப சகஜம்மா, சரிபண்ணிடலாம்” என்றார். எனக்கு அந்த ‘சரிபண்ணிடலாம்’ குளிர்ந்த மோர் மாதிரி இறங்கியது. சின்னவனும் மறுக்கவில்லை. “மாறிட்டா எனக்கும் நல்லதுதானம்மா” என்றுதான் கூடவே வந்தான். அந்த வார்த்தையை இன்றைக்கும் என்னால் நிதானமாக நினைக்க முடியாது. ஹார்மோன் பரிசோதனை எடுத்தோம். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருக்கிறதே என்று நான் வருத்தப்பட்டேன். கண்ணை மூடிப் படுக்கவைத்துப் பேசும் சிகிச்சை வாரம் ஒரு தடவை, ஒரு தடவைக்கு 1,500 ரூபாய். ராத்திரிக்கு இரண்டு மாத்திரை. சம்பளமில்லா விடுப்பு எடுத்து வீட்டில் கிடந்தான். மூன்றாவது வாரம் கை நடுங்க ஆரம்பித்தது. தூக்கத்தில் கடைவாயில் எச்சில் வழிந்தது. “கம்ப்யூட்டர்ல ஒரு வரி அடிக்க முடியலம்மா, எனக்கு இது வேண்டாம்” என்று நிறுத்திவிட்டான்.

நான் நிறுத்தவில்லை.

மாத்திரையைக் காகிதத்தில் மடித்து, கரண்டியின் முதுகால் நசுக்கி, பாலில் கலந்தேன். கசப்பு தெரியாமலிருக்கப் பனங்கற்கண்டு. சின்ன வயசிலிருந்து அவனுக்குப் பனங்கற்கண்டுப் பால் பிடிக்கும் என்பது எனக்கு வசதியாகிவிட்டது. ஐந்து வாரம், ஒரு நாள் விடாமல். டம்ளரின் அடியில் வெள்ளையாக ஒரு வண்டல் நிற்கும். அவன் பார்ப்பதற்கு முன் கழுவிவிடுவேன். ஆய்வகத்தில் ஒரு சொட்டு அமிலம் கூடினால் பிள்ளைகளைத் திட்டுகிறவள், அளவும் தெரியாமல் பின்விளைவும் படிக்காமல் பெற்ற பிள்ளைக்கு மருந்து கலந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் ராத்திரி அவர் டம்ளரை மாற்றி எடுத்துவிட்டார். காலையில் ஐந்து மணிக்கெல்லாம் எழுந்து வாசலில் பேப்பருக்குக் காத்திருக்கிற மனுஷன் பதினொரு மணிவரைக்கும் அசையவில்லை. எழுப்பினால் நாக்கு குழறியது. வாய் வறண்டு, “தண்ணி… தண்ணி…” என்றார். சின்னவன் கட்டில் பக்கத்தில் நின்று அப்பாவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. தன்னுடைய டம்ளரை எடுத்துப் போய்க் குழாயடியில் ரொம்ப நேரம் கழுவினான். சாயங்காலம் பெட்டியைக் கட்டி நெல்லை எக்ஸ்பிரஸுக்குக் கிளம்பிவிட்டான்.

அந்த ஆவணியில் பெரியவன் கல்யாணம் ஒற்றை மணவறையோடு நடந்தது. சின்னவன் தோழனாக வந்து நின்றுவிட்டு, அன்று ராத்திரியே ரயிலேறினான். “ரெண்டுல ஒண்ணுதானா டீச்சர்?” என்று கேட்டவர்களுக்கெல்லாம், அவன் வெளிநாடு போகப்போகிறான் என்று பொய் சொன்னேன். அதன் பிறகு என்னோடு அவன் பேசவில்லை. அவர் மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு பெட்டி கடலை மிட்டாயோடு சென்னைக்குப் போய் வருவார். அங்கே என்ன பேசினீர்கள் என்று கேட்டால், “என்னத்தப் பேச? சாப்ட்டோம், படுத்தோம்” என்பார்.

2016-இல் ஓய்வு பெற்றேன். பென்ஷனும் பெரியவனின் பழைய லேப்டாப்பும் கையில் இருந்தன. படிக்க ஆரம்பித்தேன். அறிவுத் தாகம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவள் சட்டப் புத்தகம் புரட்டுகிற மாதிரிதான் புரட்டினேன்.

முதலில் தெரியவந்தது அந்த டாக்டரைப் பற்றி. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1973-இல். உலக சுகாதார நிறுவனம் எடுத்தது 1990-இல், என் பிள்ளைகள் தவழ்ந்து முடித்து ஓடிக்கொண்டிருந்த காலத்தில். ராபர்ட் ஸ்பிட்சர் என்ற மனநல மருத்துவர், 1973 மாற்றத்துக்கு முன்நின்றவர், பிற்காலத்தில் 200 பேரிடம் தொலைபேசியில் பேசி, சிலரால் மாற முடிகிறது என்று 2003-இல் கட்டுரை வெளியிட்டார். சரிபண்ணிடலாம் என்று சொல்கிறவர்களுக்கெல்லாம் அது வேதமாக இருந்தது. 2012-இல், 80 வயதை ஒட்டி, தன் ஆய்வு தவறு என்று ஒப்புக்கொண்டு, அதை நம்பிச் சிகிச்சைக்குப் போனவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். நான் மாத்திரை நசுக்கியது அதற்கு இரண்டு வருடம் கழித்து.

அப்புறம் மரபியல். என் சொந்தப் பேட்டை. பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் எங்கள் வம்சாவளியை வரைந்தேன். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். ஒரு கரு இரட்டையருக்கு ஒரே புள்ளியிலிருந்து கூரை மாதிரி இரண்டு கோடு இறங்கும், நடுவே ஒரு குறுக்குக்கோடு. ஒரு கட்டத்தைப் பென்சிலால் கறுப்படித்தேன். அடுத்ததை வெள்ளையாக விட்டேன். பரீட்சையில் எந்தப் பிள்ளையாவது இப்படி வரைந்திருந்தால் மார்க்கைக் குறைத்திருப்பேன்.

1993-இல் டீன் ஹேமர் என்பவர் தன்பாலீர்ப்புள்ள அண்ணன் தம்பி 40 ஜோடிகளைச் சோதித்து, எக்ஸ் குரோமோசோமின் ஒரு நுனியில் 33 ஜோடிகள் ஒத்துப்போவதாகச் சொன்னார். எக்ஸ் ஆணுக்கு அம்மாவிடமிருந்து வருவது. உடனே என் பென்சில் மேலே ஏறியது. சாத்தூரில் தையல் கடை வைத்திருந்த என் தாய்மாமா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. கடைக்குப் பின்னால் ஒரு சிநேகிதரோடு இருந்தார். மாமா செத்த அன்று அந்தச் சிநேகிதரைப் பாடைப் பக்கம் யாரும் விடவில்லை. தெருமுனையில் மின்கம்பத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அந்தக் கட்டத்தையும் கறுப்படித்தேன். எவ்வளவு நிம்மதி தெரியுமா, என் வழியில் வந்தது, ஆனால் நான் செய்ததல்ல என்று நினைப்பதற்கு! 1999-இல் கனடாவில் திரும்பச் சோதித்தவர்களுக்கு அந்தத் தொடர்பு கிடைக்கவில்லை என்று அடுத்த வாரமே படித்தேன். கறுப்பை அழிக்க மனசு வரவில்லை.

இரட்டையர் ஆய்வுகள்தான் என்னை ரொம்பக் கோமாளியாக்கின. 1991-இல் பெய்லி, பில்லார்ட் என்ற இருவர் செய்த ஆய்வில், தன்பாலீர்ப்புள்ள ஆண்களின் ஒரு கரு இரட்டையரில் 52 சதவீதம் பேர் அதே மாதிரி. இரு கரு இரட்டையரில் 22. தத்துச் சகோதரர்களில் 11. பாதிக்குப் பாதி என்றதும் எனக்குப் பெரியவன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. மருமகளைத் தனியே கூப்பிட்டு, ஒரு மாமியார் கேட்கக் கூடாத கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டே, “அத்தே, ஒங்க சயின்ஸ எங்க ரூமுக்குள்ள கொண்டாராதீங்க” என்றாள். நல்ல பெண். அந்த 52 சதவீதமும் தன்பாலீர்ப்பாளர் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்ததால் ஏறிய எண். 2000-இல் ஆஸ்திரேலியாவின் இரட்டையர் பதிவேட்டிலிருந்து எடுத்துப் பார்த்தபோது ஆண்களில் அது சுமார் 20-க்கு இறங்கியது.

அண்ணன்மார் கூடக் கூடத் தம்பிக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது என்று பிளான்சர்டும் போகார்ட்டும் 1996-இல் கண்டது பிற்பாடு பல நாடுகளில் உறுதிப்பட்டது. ஆண் குழந்தைகளைச் சுமக்கச் சுமக்கத் தாயின் உடம்பில் ஓர் எதிர்வினை உண்டாவதாக விளக்கம். ஏழு நிமிட அண்ணன் அந்தக் கணக்கில் வரமாட்டான். இருந்தாலும், மறுபடியும் என் வயிறுதானா என்று அன்றைக்கு லேப்டாப்பை மூடிவிட்டேன்.

என்னை ஒரேயடியாகச் சாய்த்தது வேறொன்று. அடிவயிறு மூடாமல், உறுப்பு உருவாகாமல் பிறந்த சில ஆண் குழந்தைகளை, அறுவை செய்து, பெண் பெயர் வைத்து, கவுன் போட்டுப் பெண்ணாகவே வளர்த்த காலம் ஒன்று இருந்தது. வளர்ந்த பிறகு ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தவர்களின் நாட்டம் பெண்கள் மேல்தான் போனது. கத்தியும் பெயரும் வளர்ப்பும் சேர்ந்து திருப்ப முடியாததை ஓர் ஆஸ்டல் அறை திருப்பியிருக்குமா? பிறவிதான் என்று நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதி இரண்டு கோடு போட்டேன்.

2018 செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் வயது வந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் உறவை 377-இன் பிடியிலிருந்து கழற்றிவிட்டார்கள். இந்த மக்களிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடன்பட்டிருக்கிறது என்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா எழுதியிருந்தார். குடும்பத்தாரிடமும் என்ற வார்த்தையில் எனக்கு நெருஞ்சி குத்தியது. என்னிடம் எதற்கு?

அடுத்த மாதம் நோட்டையும் எடுத்துக்கொண்டு அவரோடு நானும் ரயிலேறினேன். நாலு வருடம் கழித்து அவன் வீட்டு வாசல். கூட இருக்கிற தம்பி, திருச்சிப் பக்கத்துப் பையன், “வாங்கம்மா” என்று செம்பில் தண்ணீர் கொடுத்தான். உட்கார்ந்ததும் நோட்டைப் பிரித்தேன். வகுப்பெடுத்தே வாழ்ந்தவள், வேறு மாதிரி பேசத் தெரியாது. அரை மணி நேரம் நடத்தி முடித்து, “உம்மேல தப்பில்லய்யா. எம்மேலயும் தப்பில்ல. இது பிறவியிலயே வந்தது” என்றேன். தீர்ப்பு சொன்ன நீதிபதி மாதிரி எனக்கு மூச்சு வாங்கியது.

சின்னவன் நோட்டை வாங்கிப் புரட்டினான். “நல்லாத்தான் படிச்சிருக்க. சரிம்மா, நாளைக்கு இன்னொருத்தன் ஆராய்ச்சி பண்ணி, பிறவி கெடையாது, வளர்ப்புதான்னு சொல்லிட்டான்னு வையி. மறுபடி பால்ல கலப்பியா?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குப் பதில் வரவில்லை. அன்றைக்கு நான் சொன்னது, “என்னய்யா இப்படிக் கேட்டுட்ட” என்பது மட்டும்தான். மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. கேட்டதாக முதலில் எழுதியிருந்தேன். அவன் கோடு போட்ட இரண்டு இடங்களில் ஒன்று அது.

அவன் சொன்ன நாளை பத்து மாதத்தில் வந்தது. 2019 ஆகஸ்ட் கடைசியில் மதுரையிலிருந்து என் தம்பி போன் செய்தான். “யக்கா, பேப்பர் பாத்தியா? அதுக்கு ஜீனெல்லாம் கெடையாதாம்ல! அப்பமே சொன்னேன், எல்லாம் சகவாசம்தான்.” ரிசீவரை வைத்த கை நடுங்கியது. எனக்கு முதலில் வந்த நினைப்பு மகனைப் பற்றியதல்ல. எனக்குக் கிடைத்த விடுதலை ரத்தாகிவிட்டதோ என்றுதான் பயந்தேன். அந்த இடத்தில்தான் என்னை நானே கையும் களவுமாகப் பிடித்தேன். பிறவி என்ற சொல்லை நான் எனக்காகத்தான் வைத்திருந்தேன். அவனை ஏற்றுக்கொண்டதற்கு ஒரு ரசீது மாதிரி. ரசீது செல்லாது என்றால் பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம் அல்லவா?

மூன்று நாள் கழித்து அந்தச் செய்திக்கு மூலமான ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் படித்தேன். சுமார் 4 லட்சத்து 77 ஆயிரம் பேரின் மரபணுக்களை அலசியிருந்தார்கள். தன்பாலீர்ப்புக்கென்று ஒற்றை ஜீன் இல்லை. தொடர்புள்ளதாகத் திட்டமாகத் தெரிந்தது ஐந்து இடங்கள். அதில் ஒன்று ஆண்களின் வழுக்கையோடும் சம்பந்தப்பட்டது. (என் பிள்ளைகள் இருவருக்கும் முன்மண்டை சமமாகத்தான் ஏறுகிறது.) எண்ணற்ற சின்னச் சின்ன மரபணு வேறுபாடுகளையெல்லாம் கூட்டினாலும் 8 முதல் 25 சதவீதம்வரைதான் விளக்க முடிகிறது. யாருடைய ரத்தத்தையும் எடுத்துப் பார்த்து இவர் இப்படி என்று சொல்ல முடியாது. அவர்கள் கேட்டதும், எப்போதாவது தன் பாலினரோடு உறவு கொண்டதுண்டா என்ற கேள்விதான். மனசின் நாட்டத்தை அல்ல. ஒற்றை ஜீன் இல்லை என்பதை ஜீனே இல்லை என்று தம்பி படித்துவிட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, தலைப்பை அப்படிப் போட்டால்.

மிச்சமெல்லாம் வளர்ப்பா? கைரேகை ஞாபகத்துக்கு வந்தது அப்போதுதான். என் பிள்ளைகள் இருவருக்கும் மரபணு ஒன்று. ரேகை வேறு. அது பிறந்த பிறகு யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை. கருப்பையில் விரல் உருவாகும் வாரங்களில் எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தான், எவ்வளவு ரத்தம் பாய்ந்தது என்கிற சில்லறை வித்தியாசங்களில் அமைந்து போனது. ஒரே நஞ்சுக்கொடியைப் பங்குபோட்டுக்கொண்ட இருவருக்கும் பங்கு சமமாகக்கூடக் கிடைக்கவில்லை. 2 கிலோ 400, 1 கிலோ 900 என்று தராசே சொன்னதே! பிறவி என்பதும் மரபணு என்பதும் ஒன்றல்ல. மரபணுவுக்கு வெளியே இருப்பதெல்லாம் வளர்ப்பும் அல்ல. இந்த அரிச்சுவடியை முப்பது வருடம் சம்பளம் வாங்கிக்கொண்டு நடத்தியிருக்கிறேன்.

இன்றைக்கு என்னிடம் கேட்டால், ஆண்களைப் பொறுத்தமட்டில் ஆதாரங்கள் பெரும்பாலும் பிறப்புக்கு முந்தைய காலத்தையே கைகாட்டுகின்றன என்பேன். வளர்ப்போ சகவாசமோ இதை உண்டாக்குகிறது என்பதற்கு உருப்படியான சான்றை நான் பார்க்கவில்லை. விருப்பப்பட்டுத் தேர்ந்தெடுத்தது என்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். சின்னவன் தேர்ந்தெடுத்தது ஒன்று உண்டு என்றால், அந்தக் காணும் பொங்கல் ராத்திரி அடுப்படிக்கு வந்து நின்றது. ஆனால் இந்தக் கணக்கை நான் இப்போது வெறும் கணக்காகத்தான் பார்க்கிறேன். அடுத்த ஆய்வு என்ன சொன்னாலும் பொங்கலுக்கு எத்தனை பேருக்கு உலை வைப்பது என்பது மாறப்போவதில்லை. இந்த வருடம் எட்டுப் பேருக்கு வைத்தேன். திருச்சித் தம்பிக்குச் சர்க்கரைப் பொங்கலில் ஏலக்காய் ஆகாது. தனியாக எடுத்து வைத்தேன்.

2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஓர் உத்தரவு போட்டார். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கு. தனக்கு இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, தானே ஓர் உளவியலாளர் முன்னால் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் பிறகு எழுதிய உத்தரவு. மாற்றிக் காட்டுகிறேன் என்று யாரும் சிகிச்சை நடத்தக் கூடாது என்றார். மறு வருடம் தேசிய மருத்துவ ஆணையம் அப்படிப்பட்ட சிகிச்சையைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. தெரியாது என்று ஒரு நீதிபதியால் சொல்ல முடிந்திருக்கிறது. விலங்கியல் டீச்சருக்கு அது முடியாமல் போயிற்று. அந்த உத்தரவைப் படித்த அன்று ராத்திரிதான் சின்னவனுக்குப் போன் போட்டு, பாலைப் பற்றி முதன்முறையாக வாய்விட்டுப் பேசி, மன்னிச்சுக்கய்யா என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “சரிம்மா. சாப்ட்டியா?” என்றான்.

இதைப் படிக்கிற யாராவது இப்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒரு டாக்டர் வாசலில் உட்கார்ந்திருக்கலாம். உள்ளே அவர் சரிபண்ணிடலாம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கவும் உங்களுக்கு வழி இருக்கிறது.

சின்னவன் இப்போது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருகிறான். நான் ஊற்றுகிற குழம்பைச் சாப்பிடுகிறான், மடியில் தலைவைத்துப் படுக்கிறான். போன மாதம் வந்தபோது காய்ச்சல். அலமாரியிலிருந்து காய்ச்சல் மாத்திரை ஒன்றைப் பிரித்து, தண்ணீரோடு நீட்டினேன். “அட்டையோட குடும்மா” என்றான். அட்டையை வாங்கி, திருப்பிப் பெயரைப் படித்து, அவனே இன்னொன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டான். பால் குடிப்பதை அவன் 2014-லேயே நிறுத்திவிட்டான்.